பேழை திரும்பும்வரை

அப்பச்சியின் தாடையைக் கட்டுவதற்காக ஜயதிஸ்ஸ பழைய சாரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நிலமே," என்றாள். "ஊர்வல உடுப்போடயே வந்திருக்கார்."

ஜயதிஸ்ஸ துணியின் இரு முனைகளையும் உச்சந்தலையில் சேர்த்து முடிந்தான். அப்பா உக்குராளவின் முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி ஆகிவிட்டது. விடியலில் யானையை ஆற்றில் குளிப்பாட்டிவிட்டு, ஊர்வலத்துக்கு உடுத்த வெள்ளைச் சாரம் எடுக்க வீட்டுக்கு வந்தவனிடம் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தேத்தண்ணி குடிச்சார். கருப்பட்டிய வாயில போட்டார். அப்படியே சாஞ்சுட்டார்." அந்தக் கருப்பட்டித் துண்டு கன்னத்துக்குள் முழுதும் கரையாமல் இருந்தது. ஜயதிஸ்ஸ விரலை விட்டு எடுத்தான். எங்கே போடுவது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அழுகை வருமென்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தான். வரவில்லை. பிறகுதான் துணி தேடப் போனான்.

நிலமே என்பவர் விகாரையின் நிர்வாகப் பொறுப்பாளர். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் டயர் வியாபாரி. பெரஹர என்னும் ஊர்வலத் திருவிழா நாட்களில் மட்டும் பழைய அரசவைப் பிரபுவாகிவிடுவார். இடுப்பில் சுற்றுமேல் சுற்றாகத் துணி, அதன்மேல் பட்டுப் பட்டி, சரிகைக் கோட்டு, தலையில் நாலு மூலைத் தொப்பி. இதையெல்லாம் உடுத்திவிட மூன்று ஆட்கள் வேண்டும். உடுத்திய பிறகு அவரால் உட்கார முடியாது. ஜீப்பின் பின்பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றபடிதான் வந்திருந்தார். இறக்கிவிட்டார்கள். வாசல்படி வரைக்கும் வந்தவர் நிலைக்கதவின் அகலத்தைப் பார்த்தார். நேராக வர முடியாது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். பக்கவாட்டிலும் அதே அகலம்தான்.

"பரவாயில்ல, நான் முற்றத்துலயே நிக்கிறேன்," என்றார். பிறகுதான் அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. இன்னும் இரண்டு அடி பின்னால் போய் நின்றார். "உக்குராளவுக்கு எப்படி இருக்கு?"

அம்மா வாயைத் திறந்தாள்.

நிலமே கையை உயர்த்தினார். "பொறுங்க மெனிகே. நான் கேட்டது ஒரு பேச்சுக்கு. பதில் வேணாம்."

இதற்குள் விகாரைக் குமாஸ்தா பியதாச பின்கட்டு வழியாக உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்து, வந்த வழியே திரும்பி முற்றத்துக்குப் போய் நின்றிருந்தான். தோள் துண்டு வாய்மேல் இருந்தது.

"பியதாச, உள்ள போனியா?"

"போகல நிலமே."

"எதாவது பாத்தியா?"

"எதையும் பாக்கல நிலமே."

"சரி. கண்ணத் தொடச்சுக்க."

ஜயதிஸ்ஸ வாசலுக்கு வந்தான். "நிலமே, அப்பச்சி..."

"முடியாம இருக்கார்," என்று நிலமே முந்திக்கொண்டார். "தெரியும். நேத்து ஊர்வலத்துல இருமிக்கிட்டே வந்தாரே. ரொம்ப முடியல. படுத்திருக்கார். யார் கேட்டாலும் அதுதான். முடியல."

விஷயம் இதுதான். சாவு விழுந்த வீட்டுக்காரன் தீட்டுக்காரன். புத்தரின் தாது இருக்கும் பேழையைத் தொடக்கூடாது, பேழை சுமக்கும் யானையையும் தொடக்கூடாது. அந்த யானையோ இரண்டு பேர் சொல்லைத்தான் கேட்கும். ஒருவர் உக்குராள, இன்னொருவன் அவர் மகன். முன்பு ஒருமுறை இருவருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல் கண்டபோது வேறொரு பாகனை வைத்துப் பார்த்தார்கள். யானை கோபப்படவில்லை. பிளிறவில்லை. நடுத்தெருவில் நின்றது, அவ்வளவுதான். முன்னால் போன மேளக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்த வெளிநாட்டுத் தூதுவரின் மனைவி தூங்கிப் போனாள். கடைசியில் உக்குராளவைக் கம்பளியோடு ஆட்டோவில் தூக்கிவந்து இறக்கினார்கள். அவர் ஒரு சொல் சொன்னார். யானை நடந்தது. மறுநாள் பத்திரிகைகள், தேவர்கள் வானிலிருந்து இறங்கி வந்து பேழையை வணங்கும்வரை யானை காத்து நின்றதாக எழுதின.

இன்றைக்குக் கடைசிப் பகல் ஊர்வலம். அது நடக்காவிட்டால் அதுவரை நடந்த அத்தனை இரவு ஊர்வலங்களும் கணக்கில் சேராது. மழை பெய்யாது, நாடு நாசமாகும். நிலமேயின் மறு தேர்தலும் நாசமாகும் என்பதை யாரும் சொல்லவில்லை.

"நம்ம பெரிய பிக்கு நாயக்க ஹாமுதுருகிட்ட நேத்தே கேட்டு வச்சுட்டேன்," என்றார் நிலமே. "பொதுவாத்தான். பேர் சொல்லல. புத்தருக்கு ஏதுப்பா தீட்டு, சித்தார்த்த குமாரர் அரண்மனைய விட்டு வெளிய வந்து பாத்ததுல ஒண்ணு பொணம்தானேன்னு சொன்னார். ஆனா ஊர்வலத்துல தெய்வக் கோயில்காரங்களும் கூட வராங்களே. அந்தப் பூசாரிக்குத் தீட்டு உண்டு. அவருக்குத் தெரிஞ்சா நான் மாட்டேன்னு உக்காந்துருவார்."

"நேத்தே கேட்டீங்களா?" என்றான் ஜயதிஸ்ஸ.

"இருமல் நல்லா இல்லையேன்னு கேட்டு வச்சேன்." நிலமே தொப்பியைச் சரிசெய்தார். "பேழை சாயந்தரம் உள்ள போயிரும். அதுக்கப்புறம் என்ன நடக்கணுமோ நடக்கட்டும். அதுவரைக்கும் எதுவும் நடக்கல. எல்லாத்தையும் விகாரைச் செலவுல, பெரிய மரியாதையோட செய்யிறேன்."

"எத?"

"எதுவா இருந்தாலும்."

"அப்பச்சிய குளிப்பாட்டணும் நிலமே. விறைச்சுப் போச்சுன்னா கை மடங்காது. நான்தான் செய்யணும்."

"நோயாளிய குளிப்பாட்டுறதுல தப்பில்லையே," என்றார் நிலமே. "ஆனா நீ செஞ்சா அது வேற மாதிரி ஆயிரும். நீ வா."

ஜயதிஸ்ஸ அசையவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அவன் மகன். ஜீப்பில் ஏறினால் பாகன். அவனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரும், யாரும் கூப்பிடாத கொஞ்ச நேரமும்தான். அம்மாவைப் பார்த்தான். டிங்கிரி மெனிகே வாசல் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் எதுவுமில்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொண்ட முகம்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த யானைய படுக்க வச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவார்," என்றாள். "ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல. இன்னைக்குப் போறதும் லேட்டாவே ஆகட்டும். நீ போயிட்டு வா."

"அழக்கூடாது மெனிகே," என்றார் நிலமே, ஜீப்பில் ஏற்றப்பட்டுக்கொண்டே. "வெள்ளைக்கொடி கட்டக்கூடாது. அடுப்பு எரியட்டும். சாவு வீட்டுலதான் அடுப்பு எரியாது."

"என்ன ஆக்க?"

நிலமே அதை யோசித்திருக்கவில்லை. "வழக்கமா என்ன ஆக்குவீங்களோ, அத."

*

யானைக் கொட்டிலில் ஜயதிஸ்ஸ எலுமிச்சை தேய்த்துக் கை கழுவினான். பியதாச மஞ்சள் தண்ணீரை அவன்மேல் தெளித்தான். எதற்கென்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

யானையின் முழுப்பெயர் ஸ்ரீ விஜய மங்கல ஹஸ்திராஜ. அந்தப் பட்டத்தை ஒரு மந்திரி வெற்றிலைத் தட்டில் ஓலைச்சுருளாக வைத்து நீட்டினார். யானை வெற்றிலையையும் தின்றது, சுருளையும் தின்றது. அதிலிருந்து பட்டத்துக்கு எழுத்து ஆதாரம் எதுவும் இல்லை. உக்குராள வீட்டில் அதன் பெயர் லொக்கா. பெரியவன் என்று பொருள், முதலாளி என்றும் பொருள். இரண்டும் சரிதான்.

லொக்கா தும்பிக்கையை நீட்டி ஜயதிஸ்ஸவின் உள்ளங்கைகளை முகர்ந்தது. எலுமிச்சை அதற்குப் பிடிக்காது. இருந்தும் விடவில்லை. மணிக்கட்டு, முழங்கை, கழுத்து என்று மேலே வந்தது. பிறகு சட்டைப் பைக்குள் நுனி நுழைந்தது. ஜயதிஸ்ஸ தடுப்பதற்குள் கருப்பட்டித் துண்டு வெளியே வந்து வாய்க்குள் போயிற்று. அரைவாசி கரைந்த, செத்தவர் வாயிலிருந்து எடுத்த கருப்பட்டி. பூசாரிக்குத் தெரிந்தால் இந்த யானை இனி விறகு சுமக்கத்தான் ஆகும்.

யானை மென்றது. மென்று முடித்ததும் தும்பிக்கையை ரோட்டுப் பக்கமாக நீட்டிக் காற்றைப் பிடித்தது. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தது.

"யார தேடுது?" என்றான் பியதாச.

"யாரையும் தேடல," என்றான் ஜயதிஸ்ஸ. "காத்து வாங்குது."

நெற்றிப்பட்டத்தைக் கட்டினார்கள். முகத்துணி, முதுகுத்துணி, தந்த உறைகள். ஜயதிஸ்ஸ வலது பக்கத்துக் கயிறுகளை மட்டும் இழுத்தான். பேழை யானைக்கு இடது பக்கம் தலைப்பாகனுடையது. அவர் உயிரோடு இருக்கும்வரை வேறொருவன் அந்தப் பக்கம் கால் வைக்கமாட்டான். தெருவில் கல் தடுக்கி விழுந்தாலும் வலது பக்கமே விழுவான். விகாரையின் முந்தைய தலைப்பாகன் இறந்த வருஷம்தான் உக்குராள இடது பக்கம் போனார். இன்றைக்கு இடது பக்கத்துக் கயிறுகளைப் பியதாச கட்டினான். குமாஸ்தாவுக்கு அந்த முறையெல்லாம் கிடையாது.

*

வெடி போட்டதும் பேழையை ஏற்றினார்கள். பேழை யானையின் காலடியில் மட்டும் விரிக்கும் வெள்ளை நடைபாவாடையை விரித்தார்கள். லொக்கா நடந்தது. வலது தந்தத்தில் கை வைத்து ஜயதிஸ்ஸ கூட நடந்தான். இடது தந்தத்தின் பக்கம் வெயில் மட்டும் நடந்து வந்தது. சற்றுத் தள்ளி இரு பக்கமும் துணை யானைகள் வந்தன. பின்னால், போதிய இடைவெளி விட்டு, நிலமே தன் துணிகளைச் சுமந்து வந்தார்.

கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. அதில் ஒருவர் தொண்டை நிறையப் பேசிக்கொண்டிருந்தார். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்து ஓய்வு பெற்றவர்.

"புண்ணியவான்களே, இதோ நம் ஹஸ்திராஜ. நான்கு பாதம், தும்பிக்கை, வால், ஆண்குறி ஆகிய ஏழும் நிலம் தொடும் உத்தம குலம். கிழக்குக் கானகத்தில் பிறந்து, பூர்வ ஜென்மப் புண்ணியத்தால், தானாகவே நடந்து வந்து நம் விகாரை வாசலில் மண்டியிட்ட மகாத்மா."

லொக்கா வந்தது லாரியில். கிழக்கே குழியில் விழுந்த கன்றை ஒரு மர வியாபாரி வாங்கினார். உக்குராளவை அதற்குப் பாகனாக வைத்து, பல வருஷம் மரம் இழுக்கவிட்டார். பிறகு அவருக்கு ஒரு காணி வழக்கு வந்தது. ஜெயித்தால் யானையை விகாரைக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். நியாயம் எதிராளி பக்கம் இருந்தது. அதனால் நேர்த்தி பெரிதாக இருக்க வேண்டியதாயிற்று. ஜெயித்தார். யானையும் உக்குராளவும் ஒரே லாரியில் வந்து இறங்கினார்கள். யானைக்கு மாலை போட்டார்கள். உக்குராளவிடம் லாரியைக் கழுவித் தரச் சொன்னார்கள்.

"ஒவ்வொரு பௌர்ணமிப் போயா தினமும் நம் ஹஸ்திராஜ உபவாசம் அனுஷ்டிக்கிறார்."

போயா விடுமுறையில் தழை லாரி வராது. அன்றைக்கெல்லாம் உக்குராள தன் வீட்டுப் பலா மரத்தின் கிளைகளை வெட்டிச் சுமந்துபோய்ப் போட்டார். இப்போது அந்த மரத்தில் ஒரு பக்கம் கிளையே இல்லை.

"வெண்துகில் விரிக்காத மண்ணில் அவர் பாதம் படுவதில்லை."

பேழை யானை ஆன புதிதில், தார் ரோட்டுச் சூட்டில் லொக்காவின் பாதம் புண்ணாகியிருந்தது. துணிமேல் நடந்தால் எரிச்சல் குறைவு. அதற்குப் பிறகு துணி இல்லாத இடத்தில் கால் வைக்க மறுத்துவிட்டது. அந்தப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்ட வாசனை அப்பச்சியின் சாரத்திலிருந்து கடைசிவரை போகவில்லை என்று அம்மா சொல்வாள்.

ஜயதிஸ்ஸ இவற்றையெல்லாம் நினைக்கவில்லை. அவன் நடந்தான். கை விறைக்க எவ்வளவு நேரமாகும் என்பதை மட்டும் இடையிடையே நினைத்தான். அதையும் வேறொருவர் விஷயம்போலவே நினைத்தான்.

அரசமரச் சந்தியில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. ஒலிபெருக்கியின் குரல் தணிந்து உருகியது.

"புண்ணியவான்களே, ஒரு விண்ணப்பம். நம் ஹஸ்திராஜவின் நிழலாக வாழும் உக்குராள அவர்கள் இன்று சற்றே சுகவீனமாக ஓய்வெடுத்து வருகிறார். அவர் விரைவில் எழுந்து நடமாடவும், நூறாண்டு வாழவும், எல்லோரும் ஒரே மனதாக, அப்படியே ஆகட்டும் என்று சாது சொல்லுவோம்."

"சாது, சாது, சாது," என்றது தெரு. மொட்டை மாடிகள் சொன்னன. மரத்திலிருந்தவர்கள் சொன்னார்கள். கைக்குழந்தைகளின் கைகளைப் பிடித்துக் கூப்பவைத்துத் தாய்மார்கள் சொன்னார்கள். நிலமேயும் சொன்னார். ஊரே கூடி ஒரு மனிதனுக்காக இவ்வளவு மனதார வேண்டி ஜயதிஸ்ஸ பார்த்ததில்லை. அவன் உதடுகளும் அசைந்தன.

லொக்கா நின்றது.

"தஹ," என்றான் ஜயதிஸ்ஸ. நடக்கச் சொல்லும் சொல். எப்போதும் கேட்கும் சொல். யானை நடக்கவில்லை. தும்பிக்கை மெதுவாக இடது பக்கம் போயிற்று. அங்கே ஓர் ஆள் உயரத்தில், தோள் இருக்க வேண்டிய இடத்தில், காற்றைத் தொட்டது. மறுபடி தொட்டது. பிறகு தும்பிக்கையைத் தொங்கவிட்டுச் சும்மா நின்றது.

மேளம் முன்னால் போய்த் தேய்ந்தது. பின்னாலிருந்து நிலமேயின் குரல் வந்தது. "என்னப்பா ஆச்சு?"

"தஹ." மறுபடி சொன்னான்.

"ஜயதிஸ்ஸ. மேடைக்கு முன்னால நிக்குது. ஏதாவது செய்."

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தால் முடிந்துவிடும். செய்யாமல் இருக்க எவ்வளவு நேரம் முடியும் என்று பார்ப்பவன் போல ஜயதிஸ்ஸ நின்றான். ஒலிபெருக்கி, தேவர்கள் இறங்கி வருவதாக ஆரம்பித்துவிட்டது. அவன் தந்தத்திலிருந்து கையை எடுத்தான். குனிந்து, தொங்கும் தும்பிக்கைக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் போய் நிமிர்ந்தான். இடது தந்தம் கைக்குப் புதிதாக இருந்தது. உக்குராளவின் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகியிருந்த இடத்தில் அவன் கை பொருந்தவில்லை. அவர் குட்டையானவர். கையைக் கொஞ்சம் இறக்கி வைத்தான்.

"தஹ," என்றான்.

லொக்கா நடந்தது.

கூட்டம் ஆரவாரித்தது. நிலமே பெருமூச்சு விட்டார். யாரும் எதையும் கவனிக்கவில்லை, இடது பக்கத்தில் துணை யானையோடு வந்த பின்ஹாமியைத் தவிர. பின்ஹாமியும் கிழப்பாகன். வாயில் வெற்றிலை. கொஞ்ச தூரம் கூட வந்தார். பிறகு முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"எப்போ?"

"இன்னும் இல்ல மாமே," என்றான் ஜயதிஸ்ஸ.

பின்ஹாமி வெற்றிலையை மென்றார். ஊர்வலத்தில் துப்பக்கூடாது. விழுங்கிக்கொண்டார்.

"சரி," என்றார். "நான் ஆள் அனுப்புறேன். இன்னும் இல்லன்னே சொல்லி அனுப்புறேன்."

*

பேழை இறங்கி உள்ளே போயிற்று. சங்கு ஊதினார்கள். நிலமே ஜயதிஸ்ஸவைத் தேடி வந்தார். வியர்வையில் சரிகைக் கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. "இனிமே பரவாயில்ல," என்றார். எது பரவாயில்லை என்று சொல்லவில்லை. "அந்தச் சந்தியில நின்னதே, அருமை. எல்லாரும் கண் கலங்கிட்டாங்க. அடுத்த வருஷமும் அப்படி நிக்க வைக்க முடியுமா?"

"பாக்கலாம் நிலமே," என்றான் ஜயதிஸ்ஸ.

யானைக்கு அலங்காரம் களைந்தான். சங்கிலி மாட்டினான். தீனிக்கான கித்துள் பனைத் துண்டைக் காலடியில் உருட்டிவிட்டான். லொக்கா அதைப் பிளந்து தின்ன ஆரம்பித்தது. வேறு எதுவும் செய்யவில்லை.

அவன் வீட்டுச் சந்தியில் ஏணி போட்டிருந்தார்கள். பின்ஹாமியின் ஆட்கள் கம்பத்துக்குக் கம்பம் தென்னங்கயிறு இழுத்து வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் ஒருவன் ஏணியை ஒதுக்கி வழிவிட்டான். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தன் மட்டும், "அடுப்ப அணைச்சாச்சு அய்யே. சோறு எங்க வீட்டுலேர்ந்து வருது," என்றான்.

மேசைமேல் மால்ட் மா டின்கள் அடுக்கியிருந்தன. ஆரஞ்சுப் பழப்பை ஒன்று. மூடி போட்ட பாத்திரத்தில் இலைக்கஞ்சி. ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, நோயாளியைப் பார்க்க ஊர் வந்து போயிருக்கிறது. கஞ்சி ஆடை கட்டியிருந்தது.

"எல்லாரும் வந்தாங்க," என்றாள் அம்மா, அவன் பார்ப்பதைப் பார்த்து. "தூங்குறார்ன்னு சொன்னேன். நல்லா தூங்கட்டும்னாங்க. கஞ்சி கொண்டுவந்தவ, ரெண்டு வாய் ஊட்டிட்டுப் போறேன்னு நின்னா. அவள அனுப்புறதுதான் கஷ்டமாப் போச்சு."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஓலை விசிறி. வருகிறவர்களுக்கு நோயாளியாகத் தெரிய வேண்டுமென்று மத்தியானம் எடுத்தது. உக்குராளவின் நெற்றியிலிருந்த நரைமுடி விசிறிக்கு எழுந்து எழுந்து படிந்தது.

ஜயதிஸ்ஸ அப்பச்சியின் கையைத் தூக்கிப் பார்த்தான். மடங்கவில்லை. அதை இருந்தபடியே வைத்தான்.

"அம்மே. பேழை உள்ள போயிருச்சு. இனி அழலாம்."

"போயிருச்சா," என்றாள்.

தெருவில் யாரோ ஏணியை நகர்த்தினார்கள். அடுத்த கம்பம். அம்மாவுக்குத் தோள் வலித்திருக்க வேண்டும். விசிறியைக் கை மாற்றிக்கொண்டு, வீசினாள்.